கிளச்சில் கொட்டிய பவுடர்

மாடியில் குடியிருப்பவர்கள் வீட்டில் குழந்தை பிறந்து ஒரு மாதம் ஆகிறது. காலையில் குளிப்பாட்டிப் பவுடர் போடுவார்கள் போலிருக்கிறது. வாசம் படியிறங்கி என் அறைக்கு வந்துவிடுகிறது. எல்லாருக்கும் முகம் மலருகிற வாசம். நான் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துகிறேன். இந்தக் கிழவனுக்குக் குழந்தை என்றாலே ஆகாது என்று அந்த மாடிப் பெண் நினைத்திருப்பாள். எனக்கு அந்த வாசத்தோடு எண்ணெய் கருகும் நாற்றமும் சேர்ந்தே வரும். ஏன் என்று யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

ஐம்பதுகளில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு தோட்ட முதலாளியிடம் டிரைவராக இருந்தேன். வயது இருபத்திரண்டு. காக்கிச் சட்டை, நடு வகிடு. காரை ஓட்டிய நேரத்தைவிட அதன் கண்ணாடியில் தலைசீவிய நேரம் அதிகம். எஞ்சினைப் பற்றித் தெரிந்தது அரைகுறை. தெரிந்ததாகக் காட்டிக்கொண்டது முழுசு. ஊரில் வேறு கார் இல்லாததால் என் குட்டு வெளிப்படவில்லை.

அந்த வருஷம் ஆடி மழையில் ஓடை உடைத்துக்கொண்டு கார்க் கொட்டகைக்குள் வந்துவிட்டது. சீட்டு வரை தண்ணீர். வடிந்ததும் சேற்றைக் கழுவி, துடைத்து, சாம்பிராணிப் புகைகூடக் காட்டினோம். எண்ணெய் மாற்றி ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டேன். முதலாளிக்கு மாடும் காரும் ஒன்று.

"காச்சலு கண்ட மாட்ட ஏர்ல பூட்டுவமா? பத்து நாளைக்குக் கெடக்கட்டும் போ" என்றார்.

எனக்கும் வசதிதான். தூங்கினேன். பதினோராம் நாள் எஞ்சின் கிளம்பியது, ஆனால் கியர் விழவில்லை. கிளச்சை அடிவரை மிதித்தாலும் நறநறவென்று பல்லைக் கடித்தது. கியரில் போட்டுக் கிளப்பினால், மிதித்த கிளச்சைச் சட்டை செய்யாமல் கார் முன்னால் துள்ளியது. ஈரத்தில் கிடந்து கிளச்சுத் தட்டு துருப்பிடித்து ஒட்டிக்கொண்டது என்பதுவரை சரியாகவே கண்டுபிடித்தேன். வைத்தியம்தான் வினையாகிவிட்டது. பூட்டானாலும் வண்டி அச்சானாலும் துருவுக்கு எண்ணெய் என்பதுதான் நாங்கள் கண்டது. காலடிப் பலகையைத் தூக்கி, அடியிலிருந்த கிளச்சுக் கூட்டின் துவாரத்தில் மாட்டுவண்டி அச்சுக்கு விடுகிற விளக்கெண்ணெயை ஒரு டம்ளர் ஊற்றினேன். உரசிப் பிடிக்க வேண்டிய தட்டு அது, வழுக்கக் கூடாது என்று என் மண்டையில் ஏறவே இல்லை. மறுநாள் கியர் விழுந்தது. கொட்டகையைச் சுற்றி ஒரு வட்டம் ஓட்டிக் காட்டினேன். முதலாளி தலையாட்டினார்.

மூன்றாம் நாள் காலையில், மறுபடி பிடித்துக்கொண்ட மழையில், அவர் மகள் சரசுவுக்கு வலி கண்டது. தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, பொள்ளாச்சிக்குக் கொண்டுபோங்கள் என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். சரசுவும் அவள் அம்மாவும் பின்னால் ஏறினார்கள், முதலாளி என் பக்கத்தில்.

ஓடையைத் தாண்டினால் ஒரு மேடு. பாதி மேட்டில் எஞ்சின் அலறியது, கார் நின்றுவிட்டது. மிதிக்க மிதிக்க அலறல்தான் ஏறியது, சக்கரம் நகரவில்லை. பலகை இடுக்கில் புகை. கருகிய விளக்கெண்ணெய் நாற்றம். அந்த நாற்றத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. தோட்டத்து வேலைக்காரர்கள் ஓடிவந்து தள்ளினார்கள். சேற்றில் அவர்கள் கால்தான் வழுக்கியது. மாட்டுவண்டி கொண்டுவர ஒருவர் ஓடினார். பின்னால் சரசு முனகிக்கொண்டே இருந்தாள். நான் அழுதேன் என்றுதான் நினைக்கிறேன். மழையில் யாருக்கும் தெரியவில்லை.

எண்ணெய் பட்ட கிளச்சில் லாரிக்காரர்கள் காய்ந்த புழுதியை அள்ளிப் போட்டு ஊர் போய்ச் சேருவதைப் பார்த்திருக்கிறேன், ஏன் என்று அப்போதுதான் உறைத்தது. அன்றைக்குக் காய்ந்த புழுதிக்கு எங்கே போவது? ஒரு மணி நேரம் இப்படியே போயிற்று, மாட்டுவண்டியும் வந்தபாடில்லை. அப்புறம்தான் சரசுவின் துணி மூட்டையில் பவுடர் டப்பா கண்ணில் பட்டது. அவள் வீட்டுக்காரர் கோயமுத்தூரில் வாங்கி அனுப்பியது, மூடிகூடத் திறக்காதது. தயங்கித் தயங்கிக் கேட்டேன். கொழந்தைக்கு வெச்சதாச்சே என்று அம்மா இழுத்தார். சரசு பல்லைக் கடித்துக்கொண்டு டப்பாவை எடுத்து நீட்டினாள்.

"போடுங்கண்ணா. வேற வாங்கிக்கலாமுங்க."

டப்பா முழுவதையும் துவாரத்தில் கொட்டினேன். கிளச்சு பிடித்தது, கார் ஏறியது. பொள்ளாச்சி போகும்வரை காருக்குள் அந்த வாசம்.

சரசு பிழைத்தாள். பிள்ளை உயிரில்லாமல் பிறந்தது. ஒரு மணி நேரம் முன்னால் வந்திருக்கலாமே என்று டாக்டரம்மா முதலாளியிடம் சொன்னதை வராந்தாவில் நின்று கேட்டேன்.

மறுநாள் காரைப் பிரித்த மெக்கானிக் தட்டை மோந்து பார்த்தார். கியரில் கிளப்பி, கிளச்சை மிதித்துக்கொண்டே பிரேக்கை அழுத்தியிருந்தால் ஒட்டினது தானாக விட்டிருக்கும் என்றார்.

"ஆருப்பா இதுல எண்ணெய ஊத்துனது?"

"தெரியலீங்க. வெள்ளத்துல வந்துருக்கும்" என்றேன்.

முதலாளி நம்பினார். மகளைக் காப்பாற்றியது என் சமயோசிதம்தான் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். தீபாவளிக்குக் கரைவேட்டி எடுத்துக் கொடுத்தார். வெட்கமில்லாமல் கட்டிக்கொண்டேன். சரசு என்னைப் பார்க்கும்போதெல்லாம் சாப்பிட்டாயிற்றா என்று கேட்பாள்.

ஓடைக்குப் பாலம் வந்துவிட்டது. மேட்டை வெட்டிச் சமன்செய்துவிட்டார்கள். பொள்ளாச்சி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தால் அந்த இடம் தெரியாது. கார் பழைய இரும்புக்குப் போயிற்று. உண்மையைச் சொல்ல முதலாளியும் இல்லை, சரசுவும் இல்லை. அதற்குப் பிறகு அவளுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. அவள் வேறு டப்பா வாங்கவே இல்லை.