மஞ்சள் பூசிய மண்டை ஓடு

போன வியாழக்கிழமை மதியம் கொச்சித் துறைமுகத்தில் ஒரு காட்சி. எங்கள் லாரியின் தார்ப்பாயை விலக்கினார்கள். உள்ளே இரும்பு டிரம்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றின் நெற்றியிலும் கெட்டியாகச் சந்தனமும் மஞ்சளும், நடுவில் ஒரு ரூபாய் அகலத்துக்குக் குங்குமப் பொட்டு.

சரக்கு ஏற்றும் கூட்டத்தின் தலைவர் அந்தோணி கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எந்தா சாரே இது, கல்யாணமாணோ?"

கல்யாணம் இல்லை. பூச்சிமருந்து. ஒரு கைப்பிடி போதும், ஒரு குடும்பத்தையே சாய்த்துவிடும்.

என் உத்தியோகம் உங்களில் பலருக்குத் தெரியும். பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோட்டுப் பக்கம் ஒரு பூச்சிமருந்துத் தொழிற்சாலையில் சரக்கு அனுப்பும் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். இதுவரை எங்கள் சரக்கு போனதெல்லாம் கேரளத்துக்குள்ளேதான். நல்லேப்பிள்ளி நெல் வயலுக்கும், சக்குபள்ளத்து ஏலத் தோட்டத்துக்கும் போகிற டிரம்மில் பெயரை எழுதினால் போதும். இப்போதுதான் முதல்முறையாக ஆப்பிரிக்காவுக்கு, கப்பலில்.

கடல் என்று வந்துவிட்டால் விதிகள் வேறு. நாம் வைத்த செல்லப் பெயர் செல்லாது, மருந்தின் சரியான ரசாயனப் பெயரை எழுத வேண்டும். ஒரு முனையில் நிற்கிற சதுரமாக, வெள்ளைத் தாளில் லேபிள் ஒட்ட வேண்டும். அதில் கறுப்பில் மண்டை ஓடு, குறுக்கே இரண்டு எலும்பு, அடி முனையில் ஆறு என்ற எண். ஆறு என்றால் விஷம். கடல் தண்ணீர் பட்டாலும் லேபிள் உரியக் கூடாது.

ஏன் இத்தனை கெடுபிடி? யோசித்துப் பாருங்கள். டிரம்மை அந்தக் கரையில் இறக்குகிறவருக்கு நம் எழுத்து தெரியாது. அவருடைய எழுத்து நமக்குத் தெரியாது. மண்டை ஓட்டைப் படிக்கப் பள்ளிக்கூடம் போக வேண்டியதில்லை.

இதையெல்லாம் நான் பேக்கிங் ஷெட்டில் விளக்கினேன். லோடிங் மேஸ்திரி ரங்கசாமிக்குத்தான் மனசு ஒப்பவில்லை. எலப்புள்ளிக்காரர், எனக்கு வயதில் மூத்தவர். அவர் கையால் ஏற்றிய சரக்கு ஒன்றுகூடச் சரிந்ததில்லை.

"ஏனுங் சார், மொத மொதலா கடல் தாண்டிப் போற சரக்குங்க. மூஞ்சியில மண்டையோட்ட ஒட்டி அனுப்பிச்சா வெளங்குமுங்களா?"

"விதி அப்படி, மேஸ்திரி."

"விதி இருக்கட்டுங்க. கண்ணாலப் பத்திரிகையில ஆராச்சும் சுடுகாட்டுப் படம் போடுவாங்களா?"

பசை தடவிக்கொண்டிருந்த மாரக்கா நிமிர்ந்தார். லேபிள் ஒட்டுகிற வேலை முழுவதும் அவர் பொறுப்பு.

"ஏனுங்ணா, பூச்சிமருந்து டிரம்முல லட்டுப் படமா போடுவாங்க?"

ஷெட்டே சிரித்தது. ரங்கசாமியும் சிரித்துவிட்டார். பிரச்சினை முடிந்தது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

சிரிப்புக்கு அடியில் எல்லாருக்கும் ஒரு பயம் இருந்தது. மேனேஜர் ஒளிவு மறைவில்லாமல் சொல்லியிருந்தார் — இந்த லோடு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் ஆப்பிரிக்காக்காரர்கள் தொடர்ந்து வாங்குவார்கள், ஷெட் ஓடும். கப்பல் தவறினால் ஆர்டர் ரத்து, ஷெட்டைப் பூட்டிவிடலாம். பூட்டினால் எனக்கு வேறு மேசை கிடைக்கும். ரங்கசாமிக்கும் மாரக்காவுக்கும்? பழையபடி நாற்று நடவுக்கு ஆள் கூப்பிடுவார்களா என்று காத்திருக்க வேண்டியதுதான்.

புதன்கிழமை டிரம் டிரம்மாகச் சுற்றிவந்து லேபிள்களைப் பார்த்தேன். எல்லாம் நேராக, சுருக்கமில்லாமல் இருந்தன. துறைமுகக் காகித வேலைக்காக அன்றே ரயிலேறிவிட்டேன். மறுநாள் காலை லாரி கிளம்புமுன் ஷெட்டில் பூஜை நடந்திருக்கிறது. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், சூடம், தேங்காய் — எங்கள் பக்கத்தில் எந்தப் புது லோடும் இவை இல்லாமல் நகராது. புதிதாக வாசல் தாண்டுகிற எதற்கும் பொட்டு வைப்பதும் வழக்கம்தான். பொட்டு எங்கே வைப்பது? டிரம்முக்கு முகம் என்று இருப்பது லேபிள் மட்டும்தானே... ரங்கசாமி மண்டை ஓட்டின் மேலேயே குழைத்துப் பூசிவிட்டார். அபசகுனமும் மறைந்தது, மங்களமும் ஆயிற்று.

துறைமுகத்தில் கப்பலின் சரக்கு அதிகாரி அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, லேபிள் தெரியாத சரக்கு ஏறாது என்றார். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தாலாவது பேசிப் பார்க்கலாம்.

லாரியோடு வந்திருந்த ரங்கசாமி முன்னால் போனார். "நல்லதுக்குத்தானுங்க வெச்சோம். இந்த ஒரு தடவ ஏத்தீருங்க" என்று அந்தோணியிடம் கேட்டார்.

அந்தோணி முகத்தைச் சுளிக்கவில்லை. தமிழும் மலையாளமும் கலந்து, மெதுவாகச் சொன்னார்.

"மேஸ்திரீ, பண்டு ஒரு சாக்கு கிழிஞ்சு கப்பல் அடியிலே பொடி சிந்தியது. மேலே படம் ஒண்ணும் இல்லா. மைதா மாவுன்னு நெனச்சு என் கூட்டுக்காரன் கையாலே வாரினான். அதே கையாலே பீடி வலிச்சான்."

"அப்புறமுங்க?"

"படம் இருந்தா கை கழுகியிருப்பான்."

அவ்வளவுதான் சொன்னார். ஆஸ்பத்திரியிலிருந்து அந்த ஆள் திரும்பவில்லை என்பது அவர் பார்வையைத் திருப்பிக்கொண்ட விதத்திலேயே தெரிந்தது.

ரங்கசாமி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தண்ணீரில் நனைத்தார். முதல் டிரம்மின் முன் குத்தவைத்து உட்கார்ந்து துடைக்க ஆரம்பித்தார். சந்தனம் போயிற்று, குங்குமம் போயிற்று. மண்டை ஓடு பளிச்சென்று வெளியே வந்தது.

மஞ்சள் போகவில்லை.

வெள்ளைத் தாள் நல்ல மஞ்சளாகிவிட்டிருந்தது. படம் தெரிகிறதே, போதாதா என்று நினைப்பீர்கள். போதாது. கடல் விதியில் நிறத்துக்கும் அர்த்தம் உண்டு. மஞ்சள் சதுரம் என்றால் தீயை வளர்க்கிற சரக்கு. அதைக் கப்பலில் வைக்கிற இடம் வேறு, பக்கத்தில் வைக்கக் கூடாத சரக்குகள் வேறு. விஷம் என்று படம் சொல்கிறது, தீ என்று நிறம் சொல்கிறது. எதை நம்பி எங்கே அடுக்குவது? அதிகாரி மறுபடியும் தலையை ஆட்டினார். மறுநாள் சாயங்காலம் வரை சரக்கு ஏறும், அதற்குள் புது லேபிள் வந்தால் பார்க்கலாம் என்றார்.

மீதி லேபிள் கட்டு ஷெட்டில் இருந்தது. டிரங்க் கால் போட்டுக் காத்திருந்தேன். லைன் கிடைத்தபோது மேனேஜரிடம் நடந்ததைச் சொன்னேன். ஷெட்டைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். "அனுப்புகிறேன்" என்று வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை முதல் வண்டியில் வந்து இறங்கியவர் மாரக்கா. ஒரு கையில் பிளாஸ்டிக் தாளில் சுற்றிய லேபிள் கட்டு, மறு கையில் பசை டப்பா. இடுப்பில் கட்டுச்சோற்று மூட்டை. அவர் பாலக்காட்டைத் தாண்டியதே இதுதான் முதல்முறை.

"ஒட்டுறவ வந்தாத்தானுங்க சரியா ஒட்டும்" என்றார் என்னிடம். பிறகு ரங்கசாமி பக்கம் திரும்பினார். "லட்டுப் படம் கெடைக்கலீங்ணா. இதையே கொண்டாந்துட்டேன்."

"ஒட்டு அம்மிணி, ஒட்டு" என்றார் ரங்கசாமி, தலை நிமிராமல்.

அவர் அதற்குள் பழைய லேபிள்களைச் சுரண்டத் தொடங்கியிருந்தார். என்னையோ டிரைவரையோ கிட்டே விடவில்லை. அவர் சுரண்டித் துடைக்க, மாரக்கா விரலால் ஈரம் பார்த்து, காய்ந்த பிறகே பசை தடவினார். கடற்காற்றில் இரும்பு வியர்த்துக்கொண்டே இருந்தது. நான் கடிகாரத்தைப் பார்ப்பதும் கப்பலைப் பார்ப்பதுமாக இருந்தேன். "சாரு, நெழல்ல நில்லுங்க. நீங்க பாத்தா பசை வெரசாக் காயாது" என்றார் மாரக்கா.

வெயில் தாழும்போது அதிகாரி வந்தார். ஒரு லேபிளின் மூலையில் நகத்தை வைத்து நெம்பினார். வரவில்லை. இன்னொன்றை நெம்பினார். அதுவும் வரவில்லை. அந்தோணிக்குக் கை காட்டினார். கிரேன் அசைந்தது.

கெட்டதை வாயால் சொன்னால் கெட்டது நடந்துவிடும் என்று நமக்கு ஒரு நம்பிக்கை. நல்ல காரியத்தில் யாரும் எச்சரிக்கை செய்யக் கூடாது. புது வீட்டின் விரிசலைக் காட்டுகிறவன் பொறாமைக்காரன். மாப்பிள்ளை குடிக்கிறான் என்று கல்யாணத்துக்கு முதல்நாள் சொல்கிறவன் விரோதி. எல்லாரும் வாயில் மஞ்சள் பூசிக்கொண்டு சும்மா இருக்கிறோம். அது வாழ்த்தா, வஞ்சனையா?

கடைசி டிரம் மேலே போகும்போது ரங்கசாமி கண்ணை மூடி எதையோ முணுமுணுத்தார். மாரக்கா அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங் சார், அந்தக் கரையில எறக்குறவங்க இதப் பாத்தா பயந்துக்குவாங்களா?"

"பயப்படத்தான் செய்வார்கள்."

"பயந்துக்கிட்டாச் சரிங்க" என்று சொல்லிவிட்டு, கையை நன்றாகக் கழுவிக்கொண்டு, சோற்று மூட்டையை அவிழ்த்தார்.