பொறுப்பாளர் மகேந்திரராஜா

நோபல் பார்க்கிலிருந்து ரயிலேறி மெல்பன் நகரத்துக்குப் போய், பதினெட்டு வருடம் மின்சாரம் விற்றவர் மகேந்திரராஜா. அவருடைய கம்பெனியிடம் ஓர் எரிவாயு மின்நிலையமும் மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் பெரிய பற்றரி ஒன்றும் இருந்தன. சந்தையில் ஐந்து நிமிடத்துக்கொரு தடவை விலை மாறும். பற்றரியில் உள்ளதை எப்போது விற்பது, எப்போது பொத்திப் பிடிப்பது என்று தீர்மானிப்பதுதான் அவர் வேலை. காலையில் முதல் காரியமாக மின்நிலையத்து ஃபோர்மனுக்கு ஃபோன் அடித்து, மெஷின்கள் எப்படி என்று விசாரிப்பார். "பரவாயில்லை" என்று அந்த மனிதர் கொஞ்சம் இழுத்தாலே, மின்நிலையம் நின்றால் கைகொடுக்கட்டும் என்று பற்றரியில் பாதியை மாலைக்கு ஒதுக்கிவிடுவார் மகேந்திரராஜா.

பிறகு மென்பொருள் வந்தது. விலை குறிப்பதும் அதுவே, மாற்றுவதும் அதுவே, மாற்றியதற்குக் காரணம் எழுதுவதும் அதுவே. ஃபோன் அடிப்பதை நிறுத்தச் சொன்னார்கள். ஃபோர்மனின் குரல் தரவு ஆகாதாம். மகேந்திரராஜாவுக்குப் 'பொறுப்பாளர்' என்ற பட்டமும், மென்பொருளை நிறுத்தத் திரையில் ஒரு சிவப்புப் பொத்தானும் கொடுத்தார்கள். டிசம்பரில் மூன்று தடவை அதை அழுத்தினார். மூன்று தடவையும் 'தேவையற்ற தலையீடு' என்று எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அனுப்பியவள் தர்ஷனா. கிளேட்டனில் பல்கலைக்கழகம் முடித்து, முப்பது வயதுக்குள் இடர் முகாமைத்துவப் பிரிவுக்குத் தலைவியான கெட்டிக்காரி. நாலாவது கடிதம் வந்தால் வேலை போய்விடும். ஐம்பத்தாறு வயதுக்காரருக்கு வேறு எவன் வேலை கொடுக்கப்போகிறான்?

ஜனவரியில் நாற்பத்திரண்டு டிகிரி வெயில் கொளுத்திய ஒரு நாள், அந்த மென்பொருள் பின்னேரம் மூன்று மணிக்கே பற்றரியை வழித்துத் துடைத்து விற்றது. மாலைக்கு ஒன்றும் மிச்சமில்லை என்று மகேந்திரராஜாவுக்குத் தெரிந்தது. ஆனாலும் நாலாவது கடிதத்துக்குப் பயந்து பொத்தானில் கை வைக்கவில்லை. ஆறு மணிக்கு மின்நிலையம் பழுதாகி நின்றுபோனது; பற்றரியும் காலி. தொழிற்சாலைகளுக்குக் கொடுப்பதாக ஒப்புக்கொண்ட மின்சாரத்தைச் சந்தையின் உச்ச விலைக்கு வாங்கிக் கொடுக்கவேண்டியதாயிற்று.

மறுநாள் தர்ஷனா அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். நாலு பேர் முன்னால் அவர் 'மகேன்'. கதவைச் சாத்தினால்தான் 'அங்கிள்'.

"நீங்கள் ஏன் அங்கிள் நிப்பாட்டேல்லை?"

"மூண்டு தரம் நிப்பாட்டினனான். கடிதம் தந்தது நீதானே பிள்ளை."

அவள் கணினியை அவர் பக்கம் திருப்பினாள். விசாரணைப் படிவம். தவறுக்குக் காரணமானவர் என்ற கட்டத்தில் ஒரேயொரு பெயர் இருந்தது. அவருடையது.

"பற்றரியை வித்தது நானோ?"

"இல்லை. ஆனா இந்தக் கட்டத்துக்குப் பெயர் தெரியிற லிஸ்டில சொஃப்ட்வெயாரின்ர பெயர் இல்லை. சிஸ்டம் ஆக்களின்ர பெயரைத்தான் எடுக்கும். சைன் பண்ணுங்கோ அங்கிள், நான் பார்த்துக்கொள்ளுறன்."

"அந்த லிஸ்டை ஆர் செய்தது?"

அவள் மேசையைப் பார்த்தாள். "நான்தான்."

"சொஃப்ட்வெயார் நல்லது எண்டு சைன் வைச்சது?"

"அதுவும் நான்தான்."

"அப்ப உன்ர பெயரையும் போடு. நான் சைன் வைக்கிறன்."

தர்ஷனா போடவில்லை. மகேந்திரராஜாவும் கையெழுத்து வைக்கவில்லை. வெள்ளிக்கிழமை அவருடைய நுழைவு அட்டைக்கு அலுவலகக் கதவு திறக்கவில்லை. பதினெட்டு வருடத்துச் சாமான்களை ஒரு பெட்டியில் போட்டு வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள், வெட்கங்கெட்டவர்கள்.

மூன்று வாரம் கழித்து அதே வேலைக்கு விளம்பரம் வந்தது. மனைவி பவளம்தான் ஃபோனில் காட்டினாள்.

"எல்லாத்தையும் அதுவே செய்யுமெண்டால், பிறகேன் ஆள் தேடினம்?"

"பிழை வந்தால் வீட்டுக்கு அனுப்ப ஒரு மனிசன் வேணும்தானே" என்றார் மகேந்திரராஜா.