நாரணாபுரம் பங்க்கில் போர்டு மாறுமா?

போன மார்கழியில் மல்லாங்கிணற்றிலிருந்து நாரணாபுரம் போய் வந்தேன். அங்கே பெட்ரோல் பங்க் நடத்தும் மாரியம்மாள் கூப்பிட்டிருந்தாள். தனியார் எண்ணெய்க் கம்பெனிக்காரர் வருகிறார், அவர்கள் கம்பெனி போர்டுக்கு மாறச் சொல்கிறார், அண்ணாச்சி பக்கத்தில் இருந்தால் தேவலை என்றாள். அவளுடைய பங்க்குக்கு டேங்கரில் லோடு கொண்டுபோனவன் நான். எனக்கு எழுத்து தெரியாது. சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள்.

எங்கள் ஊருக்குப் பக்கத்து விருதுநகரிலிருந்து சிவகாசி இருபத்தேழு கிலோமீட்டர். பஸ்ஸில் ஒரு மணி நேரம். அங்கிருந்து நாரணாபுரத்துக்கு ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய்.

நான் டேங்கரில் கிளீனராகச் சேர்ந்தபோது எங்கள் எண்ணெய்க் கம்பெனி வெள்ளைக்காரருடையது. எழுபதுகளில் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. போர்டில் நிறம் மாறியதை வைத்துத்தான் எனக்குத் தெரியும். பிறகு எங்கள் டேங்கர் அதுவரை போகாத ஊர்களுக்கெல்லாம் போனது. பட்டாசு ஆலைத் தீயில் புருஷனைப் பறிகொடுத்த மாரியம்மாளுக்கு, விதவைகள் ஒதுக்கீட்டில் பங்க் கிடைத்ததும் அரசாங்கக் கம்பெனி என்பதால்தான். சில வருடம் முன்பு அந்தக் கம்பெனியையும் தனியாருக்கு விற்கப்போவதாகச் சொன்னார்கள். வாங்க வந்தவர்கள் விலகிக்கொள்ள, விற்பனை நின்றது. அவள் பயம் நிற்கவில்லை. மறுபடி விற்றால் பங்க் நிலைக்குமா? இப்போதே மாறினால், ஒதுக்கீட்டில் வந்தது திரும்பக் கிடைக்குமா?

அவள் பங்க்கில் ஒரு வழக்கம் உண்டு. பட்டாசு ஆலை மருந்து அறையிலிருந்து வருகிறவர்கள் குழாயில் கைகால் கழுவி, உடம்பில் ஏறிய மின்சாரம் பொறி தட்டாமல் இறங்க, ஆலை வாசலில் தொடுவது போலச் செப்புத் தகட்டைத் தொட்ட பிறகே பெட்ரோல்.

வந்த அதிகாரி தங்கமானவர். எல்லாம் பார்த்துவிட்டுச் சொன்னார்: “மேடம், குழாயும் தகடும் எங்க டிசைன்ல வராது. வண்டி நிக்கக் கூடாது, வேகமாப் போகணும்.”

வரிசையில் நின்ற ஒருவன் சிரித்தான். “மாறிருங்கக்கா, கை கழுவுற நேரம் மிச்சம்.”

“மிச்சமாகுற நேரத்துல எந்தக் கோட்டையப் பிடிக்கப் போறலே? போய்க் கழுவு.”

என் பக்கம் திரும்பினாள். “நீங்க என்ன சொல்றீக அண்ணாச்சி?”

“நான் லோடு இறக்குன ஆளு தாயி. பங்க்கு ஒன்னோடது.”

வரிசையில் நின்றவர்களைப் பார்த்தாள். பிறகு அதிகாரியிடம், “நான் மாறல சார். சாப்பிட்டுட்டுப் போங்க.”

“நாளைக்கு உங்க கம்பெனியவே வித்துட்டா?”

“வாங்குறவுககிட்டயும் இதத்தான் சொல்லுவேன்.”

அந்தப் பக்கம் போகிறவர்கள் காலையிலேயே போங்கள். வேலை விடும் நேரத்தில் வரிசை நீளும். கழுவச் சொன்னால் முகம் சுளிக்காதீர்கள்.

கம்பெனி விற்பனை நின்றே போனதா, தள்ளித்தான் போனதா, எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. தெரியாமல்தான் மாட்டேன் என்றாள்.