செட்டில் ஆகிவிட்டவள்

எங்கள் ஆட்களிடம் ‘செட்டில்’ என்பதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. பையன் செட்டில் ஆயிட்டானா? பொண்ணு டெக்ஸாஸ்ல நல்லா செட்டில் ஆயிட்டா. வேலை, கல்யாணம், வீடு, கிரீன் கார்டு எல்லாவற்றையும் அந்த ஒரு சொல்லில் அடைத்துவிடுவோம். இப்போதெல்லாம் என் வீட்டில் யாராவது அதைச் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

காரணம் என் தோழி. நியூ ஜெர்சியில், பிஸ்கட்டவேயில் ஒரு மருந்துக் கம்பெனி லேபில் எனக்குப் பக்கத்து மேசை. கிழக்கு ஜெருசலேமில் பிறந்த பாலஸ்தீனப் பெண். அவள் அப்பா பிறந்ததும் அதே வீட்டில்தான். அவர் காலமான பிறகு அம்மா மட்டும் அங்கே தனியாக இருக்கிறார். அந்தப் பகுதியை ஒரு போரில் இஸ்ரேல் பிடித்துத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. அங்கிருந்த சனங்களுக்குக் குடியுரிமை தரவில்லை. ‘நிரந்தரக் குடியிருப்பாளர்’ என்று ஓர் அட்டையை நீட்டியது. எங்கிருந்தோ பெட்டி தூக்கிக்கொண்டு வந்து இறங்கியவர்களுக்குத் தருகிற அட்டை. வந்தது யார் ஐயா? நாடுதானே அவர்கள் வாசலுக்கு வந்தது!

அவள் இங்கே படிக்க வந்தாள், வேலை கிடைத்தது, இருந்துவிட்டாள். எந்த நாட்டின் முழுக் குடியுரிமையும் இல்லாமல் ஒவ்வொரு ஏர்போர்ட்டிலும் தனியாக உட்கார வைக்கப்பட்டு அலுத்துப்போய், அமெரிக்கக் குடியுரிமை வாங்கிக்கொண்டாள். அம்மாவைப் பார்க்கப் போனபோது அட்டையைப் புதுப்பிக்கக் கொடுத்தாள். கவுன்ட்டரில் இருந்தவர் திருப்பித் தரவில்லை. ஏழு வருடத்துக்கு மேல் வெளியே இருந்தாய், வேறு நாட்டுப் பாஸ்போர்ட் வாங்கினாய், ஆகவே நீ வேறு நாட்டில் ‘செட்டில்’ ஆகிவிட்டாய், உன் உரிமை முடிந்தது. அவர்கள் சட்டத்தை ஆங்கிலத்தில் படித்தால் அதில் இருப்பது அதே சொல்தான். நிரந்தரம் என்று பேர் வைத்த அட்டைக்கு எக்ஸ்பைரி! அவள் வக்கீல் வைத்து வழக்குப் போட்டாள்.

அந்த வருடம் பொங்கலுக்கு என் வீட்டில் பாட்லக், ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவருகிற விருந்து. அவளும் வந்திருந்தாள். எங்கள் தெருக்கோடியில் இருக்கும் அங்கிளும் வந்திருந்தார். திருச்சிக்காரர், ஜெர்சி சிட்டியில் ஒரு பாங்குக்கு ஐடி வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், மனசில் எதுவும் வைத்துக்கொள்ளாத மனிதர். அவளிடம் எத்தனை வருடமாக இங்கே இருக்கிறாய், சிட்டிசனா என்றெல்லாம் விசாரித்தார். பிறகு முகமெல்லாம் சிரிப்பாக, “அப்புறம் என்ன, வெல் செட்டில்ட்!” என்றார். வாழ்த்துத்தான் சொன்னார், பாவம். அவள் கையில் இருந்த தட்டை அப்படியே மேசையில் வைத்துவிட்டாள்.

நான் அவரை ஓரமாகக் கூப்பிட்டு விஷயத்தைத் தமிழில் சொன்னேன். கேட்டுக்கொண்டார். சாம்பார் சாதத்தைப் பிசைந்தபடியே, “கஷ்டம்தான். ஆனா ரூல்னா ரூல்தானே மா? நம்ம கிரீன் கார்டே ரொம்ப நாள் வெளிய இருந்தா போயிடுது” என்றார்.

எனக்கு வந்ததே கோபம். பெரியவர், விருந்தாளி, எதுவும் நினைவில் இல்லை.

“அங்கிள், கிரீன் கார்டு நாம வந்து வாங்கினது. அவ பொறந்த வீட்டைப் பத்திப் பேசறேன். நீங்களும்தான் கையைத் தூக்கி சத்தியம் பண்ணி அமெரிக்கன் ஆனீங்க. அவளுக்கும் அதே நீலப் பாஸ்போர்ட்தான். வருஷா வருஷம் டிசம்பர்ல திருச்சி போறீங்களே, செட்டில் ஆனவன் இங்க எதுக்கு வந்தேன்னு எவனாவது கேட்டானா? ஆயுசுக்கும் விசா இல்லாம வந்து போன்னு ஓசிஐ கார்டு குடுத்திருக்கான்ல?”

“அது வேற மா,” அங்கிளுக்கும் குரல் ஏறியது. “அது நம்ம ஊரு!”

கூடமே திரும்பிப் பார்த்தது. அவள் என்னிடம் ஆங்கிலத்தில், “என்ன சொல்றார்?” என்றாள்.

“அது எங்க ஊருங்கிறார்.”

அவள் கொஞ்சம்கூடச் சிரிக்கவில்லை. “என் வக்கீல் கோர்ட்ல சொல்றதும் அவ்வளவுதான்” என்றாள். அங்கிளுக்கு ஆங்கிலம் புரியும். அவர் பாயசம்கூடச் சாப்பிடாமல் கிளம்பிவிட்டார்.

வழக்கு இழுத்துக்கொண்டே போனது. கோடையில் அவள் அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். அதே சமயம் அரசுத் தரப்பு கோர்ட்டில் ஒரு யோசனை சொன்னது: முதலில் ஜெருசலேமில் வந்து இரண்டு வருடம் வாழ்ந்து காட்டட்டும், பிறகு பார்க்கலாம். எப்படி வாழ்வது? விசிட்டராக, மூன்று மூன்று மாதமாக அனுமதி வாங்கி, வேலை செய்யும் உரிமை இல்லாமல். தண்ணீரைப் பிடுங்கிக்கொண்டு நீந்திக் காட்டச் சொல்கிற அயோக்கியத்தனம். அவள் வேலையை விட்டாள்.

நூவர்க் ஏர்போர்ட்டுக்கு, “நான் டிரைவ் பண்றேன்” என்று அங்கிள் தானாகவே வந்தார்.  பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டு, “போயிட்டு வா மா” என்றார். லேபை விட்டுக் கிளம்பும்போது தினமும் நான் ‘போயிட்டு வரேன்’ என்று சொல்லக் கேட்டு, அதன் அர்த்தம் அவளுக்குத் தெரியும்.

“இல்லை அங்கிள். பொங்கல் அன்னிக்கு உங்க ஊரைப் பத்திச் சொன்னீங்களே, அதை என் ஊருக்கும் சொல்லுங்க.”

அவர் அவள் தலையில் கையை வைத்து எடுத்தார்.

மறுநாள் செய்தி அனுப்பியிருந்தாள். எங்கே தங்குவாய் என்று இமிக்ரேஷனில் கேட்டிருக்கிறான். அம்மா வீட்டில் என்றாளாம். டூரிஸ்ட் என்று எழுதிய சீட்டைக் கையில் கொடுத்து, எப்போது கிளம்புவாய் என்று கேட்டானாம்.

போனை அங்கிளிடம் காட்டினேன். இரண்டு தரம் படித்தார்.

“அது அவ ஊரும்மா!” என்று கத்தினார், அந்தச் சீட்டை எழுதிக் கொடுத்தவளே நான்தான் என்பதுபோல.