ரூபனின் வலது முட்டி

எங்கள் டீமின் ஸ்ட்ரைக்கரை எதிர் கேட் கம்பெனிக்காரன் கொத்திக்கொண்டு போகப்போகிறான், அதைத் தடுக்கும் சாமர்த்தியம் இந்தத் தொழிற்பேட்டையிலேயே எனக்கு ஒருத்தனுக்குத்தான் இருக்கிறது என்று நம்பினேன். சிரிக்காதீர்கள். நாற்பத்தெட்டு வயதில், ரத்தக்கொதிப்பு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு, காலேஜ் போகும் மகளை வைத்துக்கொண்டு, இதை நம்பினேன்.

என் பெயர் தனபால். மணப்பாறையிலிருந்து ஓசூருக்கு வந்து இருபத்து மூன்று வருடமாகிறது. அலுமினிய வார்ப்படக் கம்பெனி ஒன்றில் சி.என்.சி. மெஷின் செட்டர். புதிதாக வேலைக்குச் சேருகிற பிள்ளைகள் என்னிடம் வந்து, "எதுல ஜாக்கிரதையா இருக்கணும்ணா?" என்று கேட்பார்கள். மெஷினில் கையை விடாதே என்று சொல்ல இங்கே ஐம்பது பேர் இருக்கிறார்கள். வாயைப் பற்றிச் சொல்ல என்னை விட்டால் தகுதியான ஆள் கிடையாது.

1. கேன்டீனில் நடந்த ஏலம்

பேட்டையில் உள்ள கம்பெனிகளுக்குள் வருடா வருடம் கால்பந்துப் போட்டி நடக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் மேட்ச். எங்கள் டீமுக்கு மேனேஜர் நான். பெரிய பதவி என்று நினைத்துவிட வேண்டாம். வாட்டர் கேன், எலுமிச்சம்பழம், வலி ஸ்ப்ரே, தோற்றால் கிடைக்கும் திட்டு, இந்த நான்கையும் சுமப்பவனுக்கு அந்தப் பெயர்.

ரூபன் ஃபெட்லிங் செக்‌ஷனில் இருந்தான். வார்ப்படத்தின் ஓரத்தில் நிற்கும் பிசிறைத் தட்டி, ராவி எடுக்கிற வேலை. நாள் முழுக்க நின்றபடி செய்ய வேண்டும். இருபத்தேழு வயது. ஊர் கோலார் தங்கவயல். அந்த ஊரில் சுரங்கத்தை மூடிவிட்டார்கள், பந்தை மூடவில்லை. சூளகிரியில் ரூம் எடுத்துத் தங்கி, பஸ்ஸில் வேலைக்கு வந்துகொண்டிருந்தான். கான்ட்ராக்ட் ஆள். பெர்மனென்டுக்கு நீலச் சட்டை, கான்ட்ராக்டுக்குச் சாம்பல் சட்டை.

பந்து காலுக்கு வந்தால் ரூபன் அவசரப்பட மாட்டான். எதிரில் நிற்பவன்தான் அவசரப்படுவான். அந்த ஆள் எந்தப் பக்கம் விழுகிறான் என்று பார்த்துவிட்டு, இவன் மறுபக்கம் போய்விடுவான். அரையிறுதியில் எதிர் கேட் கம்பெனிக்கு இப்படி மூன்று போட்டான். மேட்ச் முடிந்ததும் அந்த டீமைப் பார்த்துக்கொள்ளும் நாகராஜ் அவனைத் தோளில் கை போட்டு மைதான ஓரத்துக்குக் கூட்டிப்போனார். நாகராஜ் அங்கே மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். கால் மணி நேரம் பேசினார். நான் எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை மதியம் கேன்டீன் சந்தைக்கடையாகிவிட்டது.

"ட்ரெய்னியா எடுத்துக்கிட்டு ஒரு வருசத்துல பெர்மனென்ட் பண்றாங்களாம் குரு" என்றான் ராஜப்பா. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவன், தளிப் பக்கத்துக்காரன், பேச்சில் பாதி கன்னடம். "நம்மள விட்டுட்டு அவன் போனா துரோகம்."

"என்னாடா துரோகம்?" ஸ்டோர்ஸ் சலீம் பாய் தட்டை வைத்தார். கிருஷ்ணகிரிக்காரர், ஒரு மேட்ச் விடாமல் வருபவர். "நம்ம கம்பெனி அவனுக்கு என்னா குடுத்துச்சு? ஒரு ஜெர்சி. அதுலயும் முதுகுல போன வருசத்து கோல்கீப்பர் பேரு."

"வெளிநாட்டுல எல்லாம் அக்ரிமென்ட் முடியற வரைக்கும் ஆட்டக்காரன விடமாட்டாங்க பாய். இன்னொரு கிளப்புக்கு வேணும்னா கோடிக்கணக்குல கொட்டிட்டுத்தான் கூட்டிட்டுப் போகணும்."

"அங்க அக்ரிமென்ட்டு ஆட்டக்காரனுக்கும் கிளப்புக்கும். இங்க கான்ட்ராக்டருக்கும் கம்பெனிக்கும். ஸ்டோர்ஸ்ல காப்பி இருக்குது, வந்து பாரு. 'ஃபெட்லிங், ஆள் நாப்பது'ன்னு எழுதியிருக்கும். ரூபன்னு ஒரு பேரு அதுல கெடயாது."

"சும்மா விடக்கூடாது பாய். மாத்திக்கலாம். அவன அவங்களுக்குக் குடுத்துட்டு, பதிலுக்கு ரெண்டு டிஃபென்டர் கேக்கலாம்."

"டிஃபென்டர் எதுக்கு? அவங்க கேன்டீன் மாஸ்டரக் கேளு. இந்த சாம்பாருக்கு விடிவு பொறக்கும்."

கேன்டீனே சிரித்தது. நானும் சிரித்தேன், ஆனால் உள்ளே கலங்கிப்போயிருந்தேன். இன்னும் இரண்டு ஞாயிறு தள்ளி ஃபைனல். இருபத்து மூன்று வருடத்தில் கம்பெனி ஃபைனலுக்குப் போனது அதுதான் முதல் தடவை. அன்று மத்தியானம் இன்ஸ்பெக்‌ஷன் ஷீட்டின் பின்பக்கம் ரூபன் இல்லாத டீமை வரைந்து பார்த்துக்கொண்டே மெஷினில் ஆஃப்செட் அளவுகளைப் போட்டேன். ஒரு எண் தவறிப்போய், டூல் வார்ப்படத்தில் மோதி முறிந்தது. காரணம் கேட்ட சூப்பர்வைசரிடம் மெட்டீரியல் ஹார்டாக இருந்தது என்றேன். அந்த வாரத்தின் முதல் பொய் அது. சின்னது.

2. அவன் பக்கத்துக் கதை

டீ பிரேக்கில் ரூபனைப் பிடித்தேன்.

"போறியாடா?"

"லெட்டர் இன்னும் வரலண்ணா. வந்தா போவேன்."

மறைக்கவில்லை, இழுக்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது.

"ஃபைனல வெச்சுக்கிட்டு இப்படிப் பேசறியே."

"ஃபைனல் ஆடிட்டுத்தாண்ணா போவேன். ஆனா இங்க ஆறு மாசத்துக்கு ஒருக்கா பிரேக் குடுத்து ஊட்டுக்கு அனுப்பறாங்க. திரும்பி வந்தா புது டோக்கன் நம்பர். மூணு வருசமா வேலை செய்றேன், பேப்பர்ல பாத்தா அஞ்சு மாசம் முன்னாடி சேந்தவன். வூட்டுக்காரி மாசமா இருக்குறா. தங்கவயல்ல அவங்க அம்மா ஊட்ல இருக்குறா. இங்க கூட்டியாந்து வெச்சுக்கணும்னா எனக்கு ஒரு நிலையான வேல வேணும்."

அங்கேயே நான் வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். நீலச் சட்டைக்காரனாயிற்றே, அதனால், "நம்ம கம்பெனியிலயே உனக்கு பெர்மனென்ட் வாங்கித் தர்றேன், நான் பேசறேன்" என்று சொல்லிவிட்டேன். என் மகளுக்கு அப்ரன்டிஸ் இடம் கேட்டே வாங்க முடியாதவன் நான். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பேசிப் பாருங்கண்ணா" என்றான்.

பேசினேன். ஹெச்.ஆர். மேனேஜர் நல்ல மனிதர், உட்காரச் சொன்னார்.

"கோல் அடிக்கறதுக்குன்னு ஒரு கிரேடு நம்ம கிட்ட இல்லையே தனபால்."

"வேலையும் நல்லா செய்யறான் சார்."

"அவனுக்கு முன்னாடி ஐ.டி.ஐ. முடிச்சவங்க லிஸ்ட் இருக்கு. கப்பு வரட்டும், அப்புறம் பாக்கலாம்."

அந்த 'அப்புறம் பாக்கலாம்' என்பதை இருபத்து மூன்று வருடமாகக் கேட்டு வருகிறேன். அதற்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கேன்டீனில் போய், "சார் பாசிட்டிவா பேசினாரு" என்று அளந்துவிட்டேன்.

3. டீக்கடையில் நான் பார்த்த வைத்தியம்

இரண்டு கேட்டுக்கும் நடுவில் ஒரு டீக்கடை. புதன்கிழமை ஷிஃப்ட் முடிந்து போனேன். நாகராஜ் நின்றுகொண்டிருந்தார்.

"என்ன தனபால், உங்க பையன நாங்க எடுத்துக்கப்போறோம். கோச்சுக்கக் கூடாது."

என்னைக் கம்பெனியில் எல்லோரும் ஜோக்கர் என்பார்கள். சூப்பர்வைசர் குரலில் பேசி ஆளை ஓடவிடுவது, லீவு லெட்டரில் கையெழுத்தை மாற்றுவது எல்லாம் என் வேலை. அந்த நொடியில் எனக்குள் இருந்த ஜோக்கர் எழுந்து நின்றான்.

"தாராளமா எடுத்துக்கங்க சார். நல்ல பையன்" என்றேன். டீயை ஒரு வாய் உறிஞ்சினேன். "அந்த வலது முட்டி மட்டும்..."

"முட்டிக்கு என்ன?"

"உங்களுக்குத் தெரியாதா? சரி, நான் சொன்னதா இருக்க வேணாம்."

"அட சொல்லுங்க."

"ஜவ்வு கிழிஞ்சிருக்குது சார். மேட்ச்சுக்கு முன்னாடி ஐஸ் வெச்சு, இறுக்கிக் கட்டித்தான் இறக்கறோம். ரெண்டு நாள் கெந்திக் கெந்திதான் நடப்பான். பெங்களூரு டாக்டர் ஆபரேஷன்னு சொல்லிட்டாரு. பாவம், வெளிய சொன்னா வேலை போயிடும்னு மறைக்கறான்."

ஐஸ், கட்டு, பெங்களூரு டாக்டர், எல்லாம் கேட்காமலே வந்து விழுந்தன. நாகராஜ் முகம் சுருங்கியது. டீக்காசை அவரே கொடுத்துவிட்டுப் போனார். நான் திரும்பி நடந்தபோது என் கால் தரையில் படவில்லை. ராஜப்பாவிடம் மட்டும் சொன்னேன். ஃபோர்க்லிஃப்டை நிறுத்திவிட்டுச் சிரித்தான். "நீ மனுசனே இல்ல குரு, தெய்வம்."

சலீம் பாயிடம் சொல்லவில்லை. அவர் சிரிக்க மாட்டார் என்று தெரிந்திருந்தது. அது தெரிந்திருந்தது என்பதை இப்போது எழுதும்போதுதான் கவனிக்கிறேன்.

லெட்டர் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. ரூபன் தினமும் ஃபோனை எடுத்து எடுத்துப் பார்த்தான். கேன்டீனில் எங்கள் ஆட்கள், "சும்மா உதார் விட்டிருக்கான் நாகராஜ்" என்று பேசிக்கொண்டார்கள். நானும் தலையாட்டினேன்.

ஃபைனலுக்கு முந்தின நாள் சானமாவுக் காட்டுப் பக்கம் ரோட்டில் யானை இறங்கி, பஸ்கள் நின்று, பாதிப் பேர் பிராக்டீஸுக்கு வரவில்லை. எனக்கு மறுபடி படபடப்பு. ஆனால் ஞாயிறன்று ரூபன் இரண்டு போட்டான், ஜெயித்தோம். ஹெச்.ஆர். மேனேஜர் கப்பை ஒரு கையிலும் ரூபனை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டார். நோட்டீஸ் போர்டில் அந்தப் போட்டோவைப் பெரிதாக ஒட்டினார்கள்.

4. அதே முட்டி, இந்தப் பக்கம்

அந்த மாதக் கடைசியில் ரூபனின் ஆறு மாதம் முடிந்தது. வழக்கமாக ஒரு வாரம் பிரேக், பிறகு புது டோக்கன். இந்தத் தடவை கம்பெனி டாக்டரைப் பார்க்கச் சொன்னார்கள். ஹெச்.ஆர். மேனேஜர் என்னையும் கூப்பிட்டார்.

"உங்க ரூபனுக்கு முட்டிப் பிரச்சினையாமே. எதிர் கம்பெனி ஹெச்.ஆர். சொன்னாரு. அதனாலதான் அவங்க எடுக்கலையாம். நீங்க ஏன் சொல்லல?"

இந்தப் பேட்டையில் ஹெச்.ஆர்.கள் எல்லோருக்கும் ஒரே வாட்ஸ்அப் குரூப் உண்டு. யாரை எடுக்கலாம், யாரை எடுக்கக்கூடாது என்பதெல்லாம் அதில்தான் ஓடும். இதுவும் எனக்குத் தெரிந்த விஷயம்தான்.

"சார், அது பொய் சார். நான் சொன்ன பொய். அவங்க எடுக்கக்கூடாதுன்னு விளையாட்டுக்குச் சொன்னேன்."

அவர் என்னையே பார்த்தார். "தனபால், உங்கள எனக்குத் தெரியும். அவனக் காப்பாத்த இப்ப ஒரு கதை விடறீங்க."

"ஃபைனல்ல ரெண்டு கோல் போட்டான் சார்!"

"அதான் பாவமா இருக்கு. வலியோட ஆடியிருக்கான்."

டாக்டர் முட்டியை அழுத்திப் பார்த்தார், உட்கார்ந்து எழச் சொன்னார். வெளியில் ஒன்றும் தெரியவில்லை, ஸ்கேன் பார்த்தபின் முடிவு என்று எழுதிக்கொடுத்தார். ஸ்கேனுக்கு யார் அனுப்புவது? அவன் எங்கள் ஆள் இல்லை, கான்ட்ராக்டர் ஆள் என்றது கம்பெனி. கான்ட்ராக்டர் இன்னும் சுலபமாக முடித்தார். "எதுக்கு சார் வம்பு, வேற ஆள் அனுப்பறேன்." மறுநாள் காலை ஃபெட்லிங்கில் வேறொருவன் ரூபனின் அரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். நாற்பது சரியாக நாற்பதாகவே இருந்தது.

நான் அன்று காலையே நாகராஜைத் தேடி ஓடினேன். உண்மையைச் சொன்னேன்.

"அந்த இடத்துக்குப் பத்து நாள் முன்னாடியே ஆள் எடுத்தாச்சுங்க. நீங்க என்கிட்ட சொன்ன அன்னிக்கு, லெட்டர் எங்க மேனேஜர் டேபிள்ல கையெழுத்துக்கு இருந்துச்சு."

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் ரூபன் பையோடு நின்றிருந்தான். கேட் பாஸை வாங்கிக்கொண்டுவிட்டார்கள். என்னைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்தான்.

"எனக்கு முட்டி வலின்னு ஒரு நாள் வந்ததே இல்லண்ணா. யாருண்ணா அப்படிச் சொல்லியிருப்பாங்க?"

ஹெச்.ஆரிடம் சொல்ல முடிந்தது, நாகராஜிடம் சொல்ல முடிந்தது. அவன் முகத்தைப் பார்த்து, "தெரியலடா" என்றேன். கிருஷ்ணகிரி பஸ் வந்தது, ஏறிக்கொண்டான்.

சலீம் பாய்க்கு ராஜப்பா வழியாக விஷயம் போயிற்று. அவர் திட்டவில்லை. "உனக்கு அவன் டீம்ல வேணும். அவனுக்கு ஒரு வேல வேணும். இது ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சுக்கிட்ட பாரு" என்றார். அதற்குப்பின் ஒரு மாதம் என்னோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை.

இளைய பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். இந்தப் பேட்டையில் நீலச் சட்டைக்காரன் சொல்லும் பொய்க்குச் சாம்பல் சட்டைக்காரன் வீட்டுக்குப் போவான். எனக்கு ஒரு மெமோகூட வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து ரூபனுக்கு ஃபோன் செய்தேன். பெண் குழந்தை பிறந்திருந்தது. நலம் விசாரித்துவிட்டு, ஒருவழியாகச் சொல்லி முடித்தேன்.

"தெரியும்ணா" என்றான். "நாகராஜ் சார் அன்னிக்கு மத்தியானமே சொல்லிட்டாரு. பஸ் ஸ்டாப்ல நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. வைத்துவிட்டான்.

அவன் இப்போது மாலூர் பக்கம் ஒரு குடோனில் லோடு இறக்குகிறான். அதுவும் கான்ட்ராக்ட்தான்.