லாக் ஸ்கிரீனில் அண்ணன்

அண்ணனைப் போய்ப் பார்க்கத் தைரியமில்லாமல், அவர் படத்தைச் செல்போனின் லாக் ஸ்கிரீனில் வைத்துக்கொண்டு, அதைப் பாசம் என்று நம்பிக்கொண்டிருந்தவன் நான். என் அசட்டுத்தனங்களை மற்றவர்கள் கண்டுபிடிப்பதற்குள் நானே எழுதி அச்சேற்றிவிடுவது வழக்கம். இதை மட்டும் இத்தனை வருஷம் எழுதவில்லை.

அண்ணன் பெரும்பாறையில் காப்பியும் மிளகும் போட்டிருந்தார். நான் கொடைக்கானலில் ஓர் அலுவலகத்தில் கோப்புகளை இந்த மேசையிலிருந்து அந்த மேசைக்குத் தள்ளிக்கொண்டும், மிச்ச நேரத்தில் வாரப் பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுதிக்கொண்டும் இருந்தேன். எங்களுக்கு நடுவே பண்ணைக்காடு, தாண்டிக்குடி வழியாக ஒரு நீண்ட பஸ் பயணமும் ஆறு வருஷப் பேச்சில்லாமையும் கிடந்தன.

பேச்சு நின்றதற்குக் காரணம் என் எழுத்து. அண்ணன் மகளைப் பெண் பார்க்க வந்தவர்களை, உட்காரக்கூடச் சொல்லாமல், மிளகுக்கொடி பார்க்க மேட்டுக்கு ஏற்றிவிட்டார் அண்ணன். மாப்பிள்ளையின் அம்மா வழுக்கி உட்கார்ந்தார். மாப்பிள்ளை அட்டை கடித்த காலோடு திரும்பி வந்து பஜ்ஜி சாப்பிட்டார். பேனா வைத்திருக்கிறவன் இதை விடுவானா? ஊரையும் பேரையும் மாற்றி எழுதினேன். ஊரையும் பேரையும் மட்டும்தான் மாற்றினேன். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் அந்தப் பத்திரிகையின் நெடுநாள் வாசகர்கள் என்பது எனக்குத் தெரியாது. சம்பந்தம் நின்றுபோனது. அண்ணன் போனில் ஒரே வரி பேசினார்: "ஏலே, எல்லாரும் சிரிச்சு முடிச்சாச்சுல்ல? இனி என் வாசல மிதிக்காத." பிறகு அந்தப் பெண்ணுக்குத் திருப்பூர்ப் பக்கம் வேறு இடத்தில் கல்யாணமானது. எனக்குக் கல்யாணப் பத்திரிகை வரவில்லை.

அண்ணனுக்கு முதல் அட்டாக் வந்தது எனக்கு ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. இரண்டாவது வந்தபோது, பஸ் ஸ்டாண்டில் ஆரஞ்சு விற்கிறவர் சொன்னார்: "டாக்டரு கைய விரிச்சிட்டாராம் சார். இருக்கிறவரைக்கும் வீட்டுல வச்சுப் பாத்துக்கங்கன்னு அனுப்பிட்டாங்களாம்."

போக வேண்டும். 'தப்புத்தான் அண்ணே' என்று அவர் காதில் விழும்படி ஒருமுறை சொல்லிவிட வேண்டும். அவ்வளவுதான் சோலி. ஞாயிறுதோறும் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். ஒரு ஞாயிறு பஸ்ஸில் கூட்டம். ஒரு ஞாயிறு மழை. மூன்றாவது ஞாயிறு பஸ் காலியாக, வெயில் அடித்து, ஜன்னலோர சீட்டே இருந்தது. அன்று எனக்கு லேசாகத் தலை வலித்தது.

அந்தச் சமயத்தில்தான் மச்சினர் சிங்கப்பூரிலிருந்து எனக்கொரு டச் போன் கொண்டுவந்தார். மலையில் அப்போது அது அபூர்வம். தொட்டால் திறக்கும், சும்மா விட்டால் பூட்டிக்கொள்ளும். பூட்டிய கண்ணாடியில் மணியும் தேதியும் தெரியும். பின்னால் நமக்குப் பிடித்த படத்தை வைத்துக்கொள்ளலாம். வரும்போதே அதில் ஏதோ வெளிநாட்டு ஏரி இருந்தது. கொடைக்கானல்காரனுக்கு எதற்கு இன்னோர் ஏரி? அண்ணன் முகத்தை வைப்பது என்று முடிவெடுத்தேன். முடிவெடுத்ததுமே பெரும்பாறைக்குப் பாதி தூரம் போய்விட்டாற்போல நெஞ்சு லேசானது.

என் கல்யாணப் போட்டோவில் அண்ணன் நன்றாக இருப்பார். அதை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு மேலே இருந்த டி.டி.பி. கடைக்குப் போனேன். அழைப்பிதழ், ஃபிளெக்ஸ், போஸ்டர் எல்லாம் அடிக்கிற கடை. கம்ப்யூட்டரில் ஒரு பெண் இருந்தாள்.

"என்னை வெட்டிட்டு இவரை மட்டும் எடுத்துக்கம்மா. கீழே தமிழ்ல ஒரு வரி வரணும்."

"இந்த போன்ல தமிழ் ஃபான்ட் எடுக்காது சார், கட்டம் கட்டமா வரும். நான் டிசைன் பண்ணி இமேஜாவே ஏத்தித் தர்றேன். மேட்டர் சொல்லுங்க."

வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன்: "என்றும் உங்கள் நினைவில், தம்பி."

அவள் தட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். ஓரமாகப் பாடிக்கொண்டிருந்த ரேடியோவை அணைத்தாள்.

"அண்ணனா சார்? வயசு?"

"அறுபத்தொண்ணு."

"அட்டாக்கா?"

"ஆமா. ரெண்டாவது."

"சாரி சார்," என்றாள். எவ்வளவு நல்ல பெண் என்று நினைத்துக்கொண்டேன்.

இருபது வருஷமாகத் தமிழை எழுதிப் பிழைக்கிற எனக்கு, அந்த வரியை இந்த மலையில் எந்தச் சுவரில், எந்தப் படத்தின் கீழே, என்ன காரணத்துக்காக ஒட்டியிருப்பார்கள் என்பது அப்போது உறைக்கவில்லை. படிக்கிற கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தேன். நாற்பத்தெட்டு வயதில் அதைப் போட்டுக்கொண்டு கடைவீதியில் நடக்க வெட்கம். நீள்வட்டத்துக்குள் அண்ணன். இரண்டு மூலைகளிலும் சிவப்பாக ஏதோ இருந்தது. ரோஜா மொட்டு என்று எடுத்துக்கொண்டேன். அவை குத்துவிளக்குகள். படத்துக்கு அடியில் போன் தன் வழக்கப்படி அன்றைய தேதியைக் காட்டியது. அதாவது அன்றிலிருந்து அண்ணன் என் சட்டைப் பையில் தினம் ஒரு தேதியில் இறந்துகொண்டிருந்தார். நான் ஒரு நாளைக்கு இருபது தடவை எடுத்துப் பார்த்து நெகிழ்ந்தேன்.

திங்கட்கிழமை காலை, அலுவலகம் போகும் வழியில் டீக்கடை. பெஞ்சில் பெரும்பாறை பஸ்ஸின் கண்டக்டர் உட்கார்ந்திருந்தார். அண்ணனையும் என்னையும் நன்றாகத் தெரிந்தவர். போனை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு டீ வாங்கப் போனேன். அந்த நேரம் பார்த்து ஏதோ விளம்பர மெசேஜ் வந்து திரை வெளிச்சமானது. திரும்பி வந்தால் கண்டக்டர் எழுந்து நின்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"இன்னைக்கா சார்?"

இன்றைக்கா போகிறீர்கள் என்று கேட்கிறார் என்று நினைத்தேன். "இன்னைக்கு எங்கப்பா, ஆபீஸ் இருக்கு."

"ஆபீஸா!" கண்டக்டர் கையை விட்டுவிட்டார். "கூடப் பொறந்தவரு சார்."

"தெரியுது. போனாலும் அவரு என் மூஞ்சியில முழிக்க மாட்டாருப்பா."

கண்டக்டருக்குக் கண் கலங்கியது. "இனிமே எங்க சார் முழிக்கப் போறாரு."

அண்ணனின் பிடிவாதம் ஊருக்கே தெரிந்திருக்கிறது என்று வருத்தத்தோடு அலுவலகம் போனேன். காலையில் போன உயிருக்குக் காலையிலேயே எப்படிப் படம் தயாரானது என்று கண்டக்டர் யோசிக்கவில்லை. அவர் பஸ்ஸை எடுத்துக்கொண்டு போய், தாண்டிக்குடியில் நிறுத்தி ஒரு மாலை வாங்கிவிட்டார்.

சாயங்காலம் போன் அடித்தது. மதினியின் குரல். கேட்டு ஆறு வருஷமாகியிருந்தது.

"கொழுந்தனாரே, உங்க அண்ணன் கேக்கச் சொன்னாங்க. எத்தன மணிக்கு எடுக்கிறீங்களாம்?"

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விஷயம் விளங்கியது. மாலையோடு இறங்கிய கண்டக்டரைப் பார்த்துப் பஸ் நிறுத்தத்தில் இருந்தவர்களெல்லாம் கூடிவிட்டார்கள். அண்ணன் தோட்டத்தில் வேலை பார்க்கிற பெண்கள் முன்னால் ஓடினார்கள். அவர்களில் மூத்தவள், இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தைச் சேர்ந்தவள், கேட்டருகிலேயே "எங்க தொரையே, எங்களத் தவிக்க விட்டுட்டீங்களே" என்று தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கஞ்சி குடித்துக்கொண்டிருந்த அண்ணன் கிண்ணத்தோடு வெளியே வந்து, "யாரு செத்தது?" என்று கேட்டிருக்கிறார். மாலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கண்டக்டர் கேட்டில் மாட்டிவிட்டுப் போய்விட்டார்.

"மதினி, நான் வேணும்னு…"

"நாளைக்கு வெள்ளனே வருவீங்களாம். 'கல்யாணத்துக்குத்தான் அவனுக்குச் சொல்லல. இதுக்குச் சொல்ல வேண்டியதில்ல, வரச் சொல்லு'ன்னாங்க." போனை வைத்துவிட்டார்.

மறுநாள் முதல் பஸ்ஸில் போனேன். வேறு கண்டக்டர், கடவுள் இருக்கிறார். சொல்ல வேண்டிய வாக்கியத்தை வழியெல்லாம் மனப்பாடம் செய்தேன். காப்பிக் கொட்டை காய்கிற களத்தின் ஓரத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில், குல்லாவும் ஸ்வெட்டருமாக அண்ணன் இருந்தார். பாதி அண்ணன்தான் இருந்தார். மீதி எங்கே போனதென்று தெரியவில்லை. மணிக்கட்டு, விறகுச் சுள்ளி மாதிரி.

மனப்பாடம் செய்தது பறந்துவிட்டது. "சாப்பிட்டீங்களாண்ணே?" என்றேன்.

"செத்தவன் என்னத்தச் சாப்புட," என்றார். "எங்க, கொண்டா அத."

போனைக் கொடுத்தேன். கண்ணுக்கு மிக அருகில் வைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"போட்டோ உன் கல்யாணத்துல எடுத்ததுல்ல? பக்கத்துல நின்னவன் எங்க?"

"வெட்டிட்டாங்கண்ணே."

"யாரு?"

"நான்தான் வெட்டச் சொன்னேன்."

அவர் நகத்தால் படத்தின் ஓரத்தைத் தொட்டார். அவர் தோளில் நான் போட்டிருந்த கையின் நான்கு விரல்களை வெட்டாமல் விட்டிருந்தாள் அந்தப் பெண். "இது யாரு வெரலு?"

"என்னோடதுதான்."

"வேற எவனோடதோன்னு நெனச்சேன்," என்றார்.

அதுதான் நேரம். வாயைத் திறந்தேன். "அண்ணே, இந்தப் படத்த மாத்திடறேன்," என்று வந்தது. மாற்ற எனக்குத் தெரியாது என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது. ஏற்றிக் கொடுத்தவள் அவள். ஒவ்வொரு பட்டனாகத் தொட்டுப் பார்த்தேன். மொழி மாறி என்னவோ சீன எழுத்து வந்தது. மணியடிக்கும் ஓசை மாறிச் சேவல் கூவியது. களத்தில் கொட்டையைக் கிளறிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அண்ணன் கை நீட்டிப் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"விடுலே. எப்படியும் கொஞ்ச நாள்ல வைக்கத்தான போற. ரெண்டு சோலி எதுக்கு?"

எங்கள் குடும்பத்தில் நகைச்சுவை யாருக்கு வரும் என்று அன்று தெரிந்தது. நல்லவேளை, அவர் எழுத வரவில்லை.

மதினி சோறு போட்டார், சாப்பிட்டேன். அண்ணன் போனை மடியிலேயே வைத்திருந்தார். திரை தானாக இருண்டுவிடும். உடனே அமுக்குவார். வெளிச்சம் வரும், பார்ப்பார். மறுபடி இருளும், மறுபடி அமுக்குவார். நான் எதிரே உட்கார்ந்து அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். 'தப்புத்தான் அண்ணே' என்று நான் சொல்லவேயில்லை. சொல்லத் தேவையில்லை என்று தோன்றியது. என் விரல்கள் தோளில் கிடக்கிற அந்தப் படத்தை விட மனசில்லாமல் அவர் திரும்பத் திரும்பப் பார்க்கிறார். அது போதும், அதுதான் மன்னிப்பு என்று நானே முடிவு செய்துகொண்டேன். மூன்று மணி தாண்டியதும், "பஸ்ஸுக்குக் கெளம்பு, வெரசாப் போ," என்று போனைக் கையில் கொடுத்தார்.

மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஒரு காலை மதினி மறுபடி கூப்பிட்டார். இந்த முறை கொழுந்தனாரே என்று சொல்லவில்லை. போனை வைத்ததும் திரையில் அண்ணன் வந்தார், விளக்குகளோடு, தேதியோடு. அன்று ஒரு நாள் மட்டும் அந்தப் படத்தில் எல்லாமே சரியாக இருந்தது. மறுநாள் எழுந்து பார்த்தேன். தேதி மாறிவிட்டிருந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்தவர்களெல்லாம் போன பிறகு, மதினி பின்கட்டில் பாத்திரங்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். எனக்கு யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. அன்றைக்கு அண்ணன் போனை விடாமல் பார்த்துக்கொண்டே இருந்தாரே, அதில் எனக்கு ஒரு ஆறுதல் மதினி, வாயால் சொல்லாவிட்டாலும் மனசு இறங்கிவிட்டார், அது அந்த விரலிலேயே தெரிந்தது என்றேன். என் குரல் எனக்கே நன்றாக இருந்தது.

மதினி துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அதுவா தம்பி? அவங்க மணி பாத்தாங்க. சுவத்துக் கடிகாரம் நின்னுபோயில்ல கெடக்கு. மூணரை பஸ்ஸ விட்டா நீங்க ராத்தங்கிருவீங்களேன்னு அன்னைக்குப் பூரா அவங்களுக்கு அதே கவல."