ஊசிக்குச் சுரந்த பசு

தொண்ணூறுகளின் நடுவில், வடக்கே பெஹாலா என்ற நகரப்பகுதியில் கால்நடை மருத்துவனாக இருந்தேன். ஊருக்குள்ளேயே அப்போது மாட்டுக்கொட்டில்கள் உண்டு, கட்டால் என்பார்கள். அதில் ஒன்றின் சொந்தக்காரனை நினைத்தால் இன்றும் வாய் கசக்கிறது. என்னை அங்கே கூட்டிப்போன தமிழரை நினைத்தால் இன்னும் கசக்கிறது.

அவர் மத்திய அரசில் பெரிய அதிகாரி, என் மாடி வீட்டுக்காரர். ஒரு காலையில் தூக்குப் பாத்திரத்தோடு வந்து, காபிக்குப் பாலில்லை, மாடு படுத்துவிட்டது என்றார். அவருக்கு முதலில் காபி, பிறகுதான் மாடு.

கன்று போட்டு இரண்டாம் நாள். பசு சாணத்தில் கிடந்து, கழுத்தை விலாப்பக்கம் மடித்திருந்தது. காது சில்லென்றிருந்தது. இரத்தத்திலிருந்த சுண்ணாம்புச் சத்தெல்லாம் பாலோடு போய்விட்டது. கன்று எங்கே என்று கேட்டேன். செத்துவிட்டது என்றான் கொட்டில்காரன். காளைக்கன்று, பால் கொடுக்காமல் சாகவிட்டிருந்தான். கன்றில்லாமல் பசு சுரக்காது என்பதால் வேளைக்கு ஒரு ஹார்மோன் ஊசி. கண்ணாடிக் குப்பிகள் காலடியில் நொறுங்கின.

கால்சியத்தை நரம்பில் மெதுவாக ஏற்றினேன். உடம்பு நடுங்கியது, ஏப்பம் விட்டது, சாணம் போட்டது, அரை மணியில் எழுந்து நின்றது. இரண்டு நாள் மடியை ஒட்டக் கறக்காதே என்றேன். தலையாட்டினான். அன்று சாயங்காலமே ஊசி போட்டு ஒட்டக் கறந்தான். அதிகாரி முதல் ஆளாய் வாங்கிக்கொண்டார்.

மூன்றாம் வாரம் பசு தவிடு, புண்ணாக்கைத் தொடவில்லை. மூச்சில் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாடை. தின்பது போதாமல் தன் கொழுப்பையே கரைத்துப் பால் கொடுத்துக்கொண்டிருந்தது. குளுக்கோஸ் ஏற்றி, தீனியைச் சரிசெய்யச் சொன்னேன். அவன் கேட்கவில்லை. மாதங்கள் போயும் பசு பருவத்துக்கு வரவில்லை. அதற்கும் ஊசி கேட்டான். பட்டினி கிடக்கும் உடம்பில் சினை தங்காது என்றேன்.

அவன் சிரித்தான். "ஊசி போட்டா பால் வருது டாக்டர் சாப். கன்னு மட்டும் வராதா?"

நான் மறுத்தேன். போலி வைத்தியன் ஒருவன் மறுக்கவில்லை. பசு பருவம் காட்டியது, சினை பிடிக்கவில்லை. கறவை வற்றியதும் கசாப்புக்கு லாரி ஏற்றினான்.

அதிகாரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கன்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"அதுக்கென்ன சார், புது மாடு வந்தாச்சே. கண்ணு முன்னாடி கறக்கறான். இதைவிடச் சுத்தமா எங்க கிடைக்கும்?"

அதுவரை என் வீட்டுக் காபியும் அங்கிருந்து வந்த பாலில்தான். அந்த வெட்கம் தனி. மறுநாளே நிறுத்தினேன். படியில் அவரைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மாற்றலாகிப் போகும்வரை அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.